ஆம்புலன்ஸ் வரும் வரை: கம்பம் பள்ளத்தாக்கில் சர்க்கரை மயக்கமும் நீர் விபத்தும்

முல்லைப் பெரியாறு அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில், ஜூன் முதல் தேதி கம்பம் பள்ளத்தாக்கின் முதல்போக நெல்லுக்குத் தண்ணீர் திறப்பார்கள். 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்த நீரை நம்பியிருக்கிறது. தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக மலையைக் கடந்து, லோயர்கேம்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஆறு இறங்கி வருகிறது. 1895இல் அணை கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கின் சோறும் வாழையும் தென்னையும் இந்த ஆற்றின் கொடை. விடுமுறைக் காலத்தில் பிள்ளைகள் மூழ்கிப்போவதும் இதே ஆற்றில்தான்.

இன்னொரு பக்கம் சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களின் வியாதி என்ற பழைய எண்ணம் இனி நிற்காது. நாற்று நடுகிறவர், திராட்சைப் பந்தலில் கொத்து அறுக்கிறவர், விடிவதற்குள் ஜீப்பில் ஏறிக் குமுளிக்கும் போடிமெட்டுக்கும் அப்பால் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர் என்று எல்லோருடைய வீட்டு அலமாரியிலும் இன்று மாத்திரை அட்டை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அந்த மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. நல்ல திட்டம், பல உயிர்களைக் காத்திருக்கும். ஆனால் மாத்திரை வந்து சேர்ந்த வேகத்தில், அந்த மாத்திரையால் வரக்கூடிய ஆபத்தைப் பற்றிய அறிவு வந்து சேரவில்லை.

சர்க்கரை மயக்கத்தையும் நீரில் மூழ்குவதையும் சேர்த்து எழுதக் காரணம் உண்டு. மூளைக்கு உயிர்வளியையும் சேமித்துவைக்க முடியாது, குளுக்கோஸையும் சேமித்துவைக்க முடியாது. இரண்டையும் இரத்தம் ஓயாமல் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உயிர்வளி நின்றால் நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை சேதப்படத் தொடங்கும். குளுக்கோஸ் குறைந்தால் அவகாசம் கூடுதல், ஆனாலும் மணிக்கணக்கில் விட்டால் அதே சேதம், அதே மரணம். கூடலூரிலிருந்து க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வழியில் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் அரசு மருத்துவமனைகள் உண்டு, 108 வண்டியும் 2008 முதல் ஓடுகிறது. அந்த வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும், மூச்சு நின்றவருடைய முதல் ஐந்து நிமிடம் கரையில் நிற்பவர் கையில்தான் இருக்கிறது. அந்தக் கை என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் சர்க்கரை இறங்குவது. இரத்தத்தில் குளுக்கோஸ் ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை, 54க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டிய நிலை. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசி எடுக்கும். அதற்கும் கீழே போனால் மூளை தடுமாறுகிறது. பேச்சு குழறுகிறது, காரணமில்லாமல் கோபம் வருகிறது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வருகிறது. பிறகு வலிப்பு, நினைவிழப்பு.

இன்சுலின் போடுபவர்களுக்கு மட்டும்தான் இது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையை இறக்கிவிடும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பது இவற்றின் வேலை. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, 'மேலே போய்ச் சாப்பிட்டுக்கலாம்' என்று தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறும் தோட்டத் தொழிலாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். வளைவு வளைவாக ஏறும் மலைச்சாலை, குளிர், இறங்கியதும் கடும் உழைப்பு. சாப்பாடு தள்ளிப்போகிறது, மாத்திரையின் வேலை தள்ளிப்போகவில்லை. இராத்திரியில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடக் கிணற்றுக்குப் போகும் விவசாயிக்கும் இதே நிலைதான். அவருக்குத் தலை சுற்றும் இடம் கிணற்று மேடு. இந்தக் கட்டுரையின் இரண்டு ஆபத்துகளும் அந்த ஓரடி அகலத்தில் ஒன்றாக நிற்கின்றன.

நோன்புக் காலத்தையும் சொல்ல வேண்டும். கம்பம், உத்தமபாளையம் போன்ற ஊர்களில் ரமலான் மாதம் முழுக்க நோன்பு பிடிக்கும் சர்க்கரை நோயாளிகள் நிறைய இருக்கிறார்கள். சஹர் உணவுக்கும் இஃப்தாருக்கும் இடையில் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வது, பகலில் 70க்குக் கீழே போனால் அந்த நோன்பை முறித்துக்கொள்வது என்பதை உலகெங்கும் மருத்துவர்களும் மார்க்க அறிஞர்களும் சேர்ந்தே சொல்லி வருகிறார்கள். விரல் நுனியில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதும் அந்த அறிவுரையில் உண்டு. கார்த்திகையில் மாலை போட்டு, விரதம் இருந்து, குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகிற ஐயப்ப பக்தர்களுக்கும் இதே முன்னேற்பாடு வேண்டும்.

நினைவோடு இருப்பவருக்கு முதலுதவி எளிது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். குளுக்கோஸ் பவுடரோ, அரை டம்ளர் பழச்சாறோ கொடுக்கலாம். பதினைந்து கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும் என்பதுதான் கணக்கு. பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்து, தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு இட்லியோ, வாழைப்பழமோ, சோறோ ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். சாக்லேட்டில் கொழுப்பு அதிகம், இரத்தத்தில் சேர நேரமாகும்.

ஒரு நுணுக்கத்தை மட்டும் மருந்துக்கடைக்காரர்களும் செவிலியர்களும் சொல்லித் தந்தால் பெரிய உதவி. வோக்லிபோஸ் என்ற மருந்து கலந்த மாத்திரைகள் நம் நாட்டில் பரவலாக எழுதிக் கொடுக்கப்படுகின்றன. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையில் வருவதும் உண்டு. சீனியைக் குடல் உடைத்து உறிஞ்சுவதை வோக்லிபோஸ் தடுத்துவிடும். எனவே அதைச் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இறங்கினால் சீனித் தண்ணீர் எதிர்பார்த்த வேகத்தில் கைகொடுக்காது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். தன் மாத்திரை அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துவைத்துக்கொண்டு, இருந்தால் ஒரு சிறு குளுக்கோஸ் பொட்டலத்தைச் சட்டைப்பையிலோ மடியிலோ வைத்துக்கொள்ளலாம்.

நினைவு தப்பியவர் விஷயம் வேறு. அவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சோடா, டீ, சீனித் தண்ணீர் எதுவும் கூடாது. பாசத்தில்தான் ஊற்றுகிறார்கள், அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி ஆளையே கொன்றுவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தலையைச் சற்றுச் சாய்த்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே 108ஐ அழைப்பதுதான் செய்ய வேண்டியது. வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்க வேண்டாம், பற்களுக்கிடையில் கரண்டியும் வேண்டாம். வீட்டில் குளுககான் ஊசி இருந்து, போடத் தெரிந்தவரும் இருந்தால் போடலாம். நம் ஊர் வீடுகளில் அது அபூர்வம். மருத்துவமனையில் நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் பலர் கண் விழித்துப் பேசுவார்கள்.

விழித்ததும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது அடுத்த தவறு. கிளிபென்கிளமைடு போன்றவை உடம்பில் நீண்ட நேரம் நிற்பவை. வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இன்னும் கூடுதல் நேரம் நிற்கும். மதியம் தெளிந்தவர் நள்ளிரவில் மறுபடி மயங்கி, தூங்குகிறார் என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உயிர் போகக்கூடும். ஒருநாளாவது மருத்துவமனையில் வைத்துப் பார்க்கச் சொன்னால் மறுக்காமல் இருக்க வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. பேருந்து நிலையத்தில் தள்ளாடி விழுபவரைப் பார்த்ததும் 'தண்ணியைப் போட்டுட்டு விழுந்து கிடக்கான்' என்று தாண்டிப் போய்விடுகிறோம். தாழ்சர்க்கரையும் குடிபோதையும் வெளியே ஒன்றுபோலவே தெரியும். குழறல், தள்ளாட்டம், கோபம் எல்லாம் பொது. குடித்தவருக்கே சர்க்கரையும் இறங்கியிருக்கலாம். சாராயம் கல்லீரலைக் குளுக்கோஸ் தயாரிக்க விடாமல் தடுக்கும், வெறும் வயிற்றில் குடித்தால் இன்னும் மோசம். ஆகவே வாடை வருகிறது என்பதற்காகக் கைவிடுவது நியாயம் ஆகாது. சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருக்கிறதா என்று பார்த்து, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் 'அண்ணே, இந்தச் சீனித் தண்ணியை ஒரு வாய் குடிங்க' என்று கொடுத்துப் பார்க்க எந்த டீக்கடைக்காரராலும் முடியும். ஏற்கெனவே சர்க்கரை ஏறியிருப்பவருக்கு அந்த ஒரு டம்ளர் பெரிய கெடுதல் செய்துவிடாது. இறங்கியிருப்பவருக்கோ அதுதான் உயிர்.

வைகை அணை 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. உடம்பும் அப்படித்தான் படிப்படியாகச் சங்கு ஊதுகிறது. வியர்வை, நடுக்கம், குழறல். பல ஆண்டுகள் நோய் இருந்தவர்களுக்கும் அடிக்கடி சர்க்கரை இறங்கியவர்களுக்கும் முதல் இரண்டு சங்கும் ஊதாமல் போய்விடும். நேரே மயக்கம்தான். இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகலாம், வியர்வை மட்டும் மிஞ்சும். இப்படிப்பட்டவர்களுடைய மனைவி மக்கள்தான் அவர்களுக்குச் சங்கு. முகம் பார்த்தே கண்டுபிடிக்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை ஏறுவதால் வரும் ஆபத்து மெதுவாக வரும், வீட்டில் செய்யக்கூடியதும் குறைவு. சிறு வயதிலேயே இன்சுலின் தேவைப்படும் முதல் வகை நோயுள்ள பிள்ளைக்கு வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேகமூச்சு, வாயில் பழுத்த பழம்போல வாடை இருந்தால் அது வயிற்றுக் கோளாறு அல்ல, இரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது. காய்ச்சலில் பிள்ளை சாப்பிடவில்லையே என்று இன்சுலினை முழுதாக நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலும் இதில் கொண்டுபோய் விடுகிறது. முதியவர்களுக்கு நாலைந்து நாள் தாகமும் சிறுநீரும் பெருகி, உடல் வற்றி, மந்தமாகி மயக்கத்தில் முடியும். குடிக்க முடிந்தால் தண்ணீர் கொடுத்து, உடனே மருத்துவமனை. தானாக ஊகித்து இன்சுலின் அளவைக் கூட்டிப் போடுவது முதலுதவி ஆகாது.

இனி நீர். வீரபாண்டியில் சித்திரைத் திருவிழா நடக்கும்போது கௌமாரியம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டம் முல்லையாற்றில் இறங்கிக் குளிக்கிறது. ஆடி அமாவாசைக்குச் சுருளியில் கூட்டம். கோடை விடுமுறையில் கும்பக்கரை. வைகை அணைப் பக்கம், தடுப்பணைகள், மணல் அள்ளிய குழிகள், தோட்டத்துக் கிணறுகள். ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த எட்டில் கசத்துக்குள் இறங்கிவிடுவார். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே அருவியில் வெள்ளம் வரும். வனத்துறை சுருளியிலும் கும்பக்கரையிலும் குளிக்கத் தடை போடுவதைப் பலர் வீண் கெடுபிடியாகப் பார்க்கிறார்கள். மலையை அறிந்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோலக் கையை ஆட்டிக் கத்தமாட்டார். வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும், கத்துவதற்கு மூச்சு இருக்காது. ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பக்கத்தில் குளிப்பவருக்கே தெரியாது. அதைக் கண்டவர் குதித்துவிடுவதுதான் நம் இயல்பு. தம்பியைக் காப்பாற்றப் போன அண்ணன், இருவரையும் காப்பாற்றப் போன அப்பா என்று ஒரே வீட்டில் இரண்டு மூன்று உயிர் போன செய்திகள் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கோடையிலும் வருகின்றன. பயிற்சி இல்லாதவர் குதிக்கக் கூடாது. கொம்பையோ துடுப்பையோ நீட்டலாம். வேட்டியையும் சேலையையும் முடிந்து எறியலாம். மூடிய வெற்றுக் கேன், லாரி ட்யூப், வெட்டிய வாழைமரம் எல்லாம் மிதக்கும். வாழைத்தோட்டம் இல்லாத கரை இந்தப் பள்ளத்தாக்கில் எங்கே இருக்கிறது?

கரைக்குக் கொண்டுவந்த பிறகும் தவறான முதலுதவியால் உயிர்கள் பறிபோகின்றன. ஆளைக் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்குவது, தோளில் தலைகீழாகப் போட்டுக்கொண்டு ஓடுவது, காலைப் பிடித்துச் சுற்றுவது எல்லாம் இன்னும் நடக்கிறது. இது நம் ஊருக்கு மட்டும் உரிய தவறும் அல்ல. 1767இல் ஆம்ஸ்டர்டாமில் மூழ்கியவர்களைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் பீப்பாய் மீது உருட்டினார்கள், ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையைக்கூடச் செலுத்தினார்கள். குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தும் ஷாஃபர் முறை 1903இல் வந்து, அரை நூற்றாண்டு பாடப்புத்தகங்களில் இருந்தது. 1950களின் இறுதியில் பீட்டர் சாஃபரும் ஜேம்ஸ் ஈலமும் வாயோடு வாய் வைத்து ஊதுவதே சிறந்தது என்று நிறுவினார்கள். 1960இல் பால்டிமோரில் மார்பை அழுத்தும் முறை வெளியானது. பிறகும் ஹைம்லிக் என்ற புகழ்பெற்ற மருத்துவர், மூழ்கியவர்களுக்கும் வயிற்றை அழுத்தித் தண்ணீரை எடுக்க வேண்டும் என்று வாதாடினார். அமெரிக்க மருத்துவ வல்லுநர் குழு 1994இல் அதை ஆராய்ந்து நிராகரித்தது.

காரணம் உடலமைப்பில் இருக்கிறது. மூழ்கியவர்களில் பெரும்பாலோருடைய நுரையீரலுக்குள் போகிற தண்ணீர் கொஞ்சம்தான். அதை அமுக்கி எடுக்கவும் முடியாது, எடுக்கத் தேவையும் இல்லை. வயிற்றை அமுக்கினால் வருவது வயிற்றுக்குள் விழுங்கிய தண்ணீர். அது சோற்றோடு சேர்ந்து தொண்டைக்கு ஏறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக் கூட்டம் நிம்மதி அடைகிறது, மூளை அங்கே உயிர்வளி இல்லாமல் கிடக்கிறது.

செய்ய வேண்டியது இது. மல்லாக்கப் படுக்கவைத்துக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். தலையைப் பின்னே சாய்த்து முகவாயை உயர்த்தி, பத்து நொடிக்குள் மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கவனிக்க வேண்டும். இல்லையென்றால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு எழும்பும் அளவுக்கு ஊத வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதல் முதலில் ஐந்து முறை ஊதச் சொல்கிறது, அமெரிக்க வழிகாட்டுதல் இரண்டு முறை. பிறகு நெஞ்சின் நடுவில் முப்பது முறை அழுத்தம், இரண்டு ஊதல் என்று மாறி மாறி. பெரியவர்களுக்கு ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும், அதைத் துடைத்துக்கொண்டு நேரத்தைப் போக்காமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பி வெளியேற்றிவிட்டுத் தொடரலாம். இன்னொருவர் அதற்குள் 108ஐ அழைத்திருக்க வேண்டும்.

மாரடைப்புக்கு வாயால் ஊதாமல் நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்று 2008 முதல் பரப்பப்பட்ட செய்தி இப்போது வாட்ஸ்அப் வரை வந்திருக்கிறது. திடீரென்று இதயம் நின்றவருக்கு அது சரி, அவர் இரத்தத்தில் உயிர்வளி மிச்சம் இருக்கும். மூழ்கியவருக்கு உயிர்வளி தீர்ந்த பிறகுதான் இதயம் நிற்கிறது. அவருக்கு ஊதாமல் அழுத்துவது வெறும் இரத்தத்தைச் சுற்றிவிடுவதுதான். ஊதத் தயங்குகிறவர் அழுத்தவாவது செய்யலாம், ஒன்றும் செய்யாததைவிட மேல். ஆனால் பயிற்சி கொடுப்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் போகக் கூடாது. தேனியில் பள்ளி கல்லூரிகளில் நடக்கும் முதலுதவி வகுப்புகள் மாரடைப்போடு நின்றுவிட்டால், ஆற்றங்கரை ஊர்களுக்கு அது பாதிப் பாடம்.

கழுத்து எலும்பு பற்றிய பயத்தில் ஊதத் தயங்க வேண்டாம். கிணற்றுக்குள் தலைகீழாகப் பாய்ந்தவர், பாறையிலிருந்து குதித்தவர் ஆகியோருக்கு மட்டும் கழுத்தை அசைக்காமல் தூக்குவதில் கூடுதல் கவனம் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி 2021இல் உலகில் சுமார் மூன்று இலட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள். அதில் குழந்தைகளின் பங்கு பெரிது. நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு ஆறும் அருவியும் வேண்டியதில்லை, தொட்டியும் பக்கெட்டும் போதும். தாய் வயலுக்குப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வங்கதேசத்தில் கிராமக் காப்பகங்களையும், பெரிய பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்புகளையும் நடத்தி, மூழ்கி இறப்பதைப் பெருமளவு குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். நமக்கு அங்கன்வாடி ஏற்கெனவே இருக்கிறது. அதன் நேரத்தை நடவு, அறுவடைக் காலங்களில் நீட்டுவது பெரிய செலவில்லை. இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழக்கிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் செய்ததை ஒரு பாதுகாப்பான குளத்தில், ஊராட்சியின் பொறுப்பில் செய்யலாம். வீரபாண்டி, சுருளி, கும்பக்கரைக் கரைகளில் எச்சரிக்கைப் பலகையோடு கயிறும் ட்யூபும் தொங்க வேண்டும். யாருக்கு முதலில் பயிற்சி என்று கேட்டால் என் பட்டியலில் முதலில் வருவது தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுநர்கள், டீக்கடைக்காரர்கள், கோயில் திருவிழாத் தொண்டர்கள், படித்துறையில் துணி துவைக்கும் பெண்கள். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்கள் ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தையும் இரண்டு நிமிடப் பேச்சையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

நோயாளியோடு மருத்துவமனைக்குப் போகிறவர் சில விவரங்களைக் கையோடு கொண்டுபோக வேண்டும். சர்க்கரை நோயாளி என்றால் மாத்திரை அட்டையும் இன்சுலின் குப்பியும், கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போது ஊசி போட்டார் என்பதும். நீரிலிருந்து மீட்டவர் என்றால் எத்தனை நிமிடம் உள்ளே இருந்தார், எப்போது ஊதத் தொடங்கினீர்கள், எப்போது மூச்சு வந்தது என்பது. எழுந்து உட்கார்ந்து 'ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்' என்று சொன்னாலும், இருமலோ மூச்சு வாங்கலோ இருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நுரையீரல் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் தெரியவரும், எனவே ஆறு முதல் எட்டு மணி நேரமாவது மருத்துவர் பார்வையில் இருக்க வேண்டும். மூழ்கியவர் சர்க்கரை நோயாளியாகவும் இருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். விரல் நுனியில் ஒரு குத்து குத்திப் பார்த்தால், அவர் நீருக்குள் மயங்கியதற்கே தாழ்சர்க்கரைதான் காரணமா என்பது அங்கேயே தெரிய வரலாம்.